பாலிடால் வந்த கதை

பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களில் 'மருந்து' என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. 'மருந்து வாங்கப் போகிறேன்' என்று ஒருவர் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று கொள்ளலாம். 'மருந்தடிக்கப் போகிறேன்' என்றால் வயலுக்கு. 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்றாலோ, கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். உயிரைக் காப்பதற்கும் உயிரை வாங்குவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் சிரமமில்லாமல் காலம் தள்ளி வருகிறோம். தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்குதான் இது. பொன்னேரியைக் குறிப்பிட்டதற்குக் காரணம் பின்னால் வரும்.

இந்த மூன்றாவது அர்த்தம் அப்படியொன்றும் புராதனமானதல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய கதைகளில் நஞ்சு என்றால் அரளி விதைதான். பிறகு ஒரு காலம் வந்தது. கதையிலும் சினிமாவிலும் பத்திரிகைச் செய்தியிலும் அரளி மறைந்து 'பாலிடால்' என்ற பெயர் புகுந்தது. ஃபோலிடால் என்பது ஜெர்மன் கம்பெனி ஒன்று தன் சரக்குக்கு வைத்த வியாபாரப் பெயர். தமிழ் வாயில் அது பாலிடால் ஆயிற்று. இத்தனை கொடிய வஸ்துவுக்குப் பெயரின் முதலிலே 'பால்' வந்து ஒட்டிக்கொண்டது மொழியின் விளையாட்டு. ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்த ஜெர்மன் சொல் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் குடும்பத்து நஞ்சுகள் பிறந்த கதை விசித்திரமானது. ஜெர்மனியில் லெவர்குஸன் என்ற ஊரில் ஐ.ஜி. பார்பன் கம்பெனியின் சோதனைச் சாலையில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ரசாயன விஞ்ஞானி வேலை பார்த்து வந்தார். பயிரைத் தின்னும் பூச்சிகளைக் கொல்லப் புதிய மருந்து காண்பது அவர் வேலை. பாஸ்பரஸைக் கொண்டு விதவிதமான கூட்டுப்பொருள்களைச் செய்து பார்த்தார். 1936 டிசம்பர் 23ஆம் தேதி ஒரு திரவம் கிடைத்தது. அடுத்த மாதம் அதில் சிறு துளி சிந்தியதற்கே அவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி, வெளிச்சம் மங்கி, மூச்சுத் திணறியது. சில வாரங்கள் அவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. பூச்சியைக் கொல்லக் கிளம்பியவர் கையில் மனிதனைக் கொல்லும் வஸ்து அகப்பட்டுவிட்டது. ஜெர்மன் ராணுவம் அதை ரகசியமாக எடுத்துக்கொண்டு 'டாபுன்' என்று பெயரிட்டது. 1938இல் அதைவிடக் கடுமையான 'சாரின்' வந்தது. இரண்டும் யுத்த விஷங்கள். 1944இல் அதே ஷ்ராடர் செய்த இன்னொரு கூட்டுப்பொருள்தான் பாராதியான். யுத்தம் முடிந்ததும் உலகத்து வயல்களுக்கெல்லாம் கிளம்பிப் போனது அது. நம் ஊருக்கு வந்தபோது அதன் பெயர் ஃபோலிடால்.

அது மனிதரைக் கொல்லும் என்பதை ஜெர்மன் ஜனங்கள் 1954லேயே நன்றாகத் தெரிந்துகொண்டார்கள். வோர்ம்ஸ் என்ற ஊரில் கிறிஸ்டா லேமான் என்ற பெண் சாக்லேட் மிட்டாய்க்குள் இந்த மருந்தை வைத்துக் கொடுத்தாள். வாங்கிய கிழவி அதை எடுத்து வைத்துவிட, அவளுடைய மகள் கடித்துப் பார்த்தாள். கசந்ததால் துப்பினாள். துப்பியதை வீட்டு நாய் தின்றது. மகளும் இறந்தாள், நாயும் இறந்தது. ஒரு பெண் திடீரென்று இறந்தால் ஆயிரம் காரணம் சொல்லலாம். கூடவே நாயும் விழுந்துவிட்டால் காரணம் ஒன்றுதான். விசாரணை சூடுபிடித்ததற்கு அந்த வாயில்லா ஜீவனும் ஒரு சாட்சி. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் கற்பனை செய்து வைத்திருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள்.

அதற்கு நாலே வருஷத்தில் நம்முடைய முறை வந்தது.

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் ஜனங்கள் உண்ட உணவாலேயே மாண்டார்கள். கேரளத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். அவர்கள் யாரும் தெரிந்து எதையும் குடிக்கவில்லை. பசிக்குக் கோதுமை மாவுப் பண்டம் தின்றார்கள், அவ்வளவுதான். உணவுப் பொருள்களையும் ஃபோலிடாலையும் ஒன்றாக ஏற்றி அனுப்பியதில் மருந்து கசிந்து மூட்டைக்குள் இறங்கியிருந்தது. மூட்டை தூக்கியவனுக்கோ, மாவு விற்ற கடைக்காரனுக்கோ, பிசைந்த தாய்க்கோ அது தெரிய வழியில்லை.

சர்க்கார் விசாரணைக் கமிஷன் அமைத்தது. பம்பாய் ஹைகோர்ட்டைச் சேர்ந்த நீதிபதி ஜே.சி. ஷா விசாரித்தார். விஷ மருந்துகளை உணவோடு சேர்த்து ஏற்றக்கூடாது என்று சொல்ல அன்றைக்கு நம் தேசத்தில் சரியான சட்டமே இல்லை என்பது வெட்டவெளிச்சமாயிற்று. சட்டம் வந்தது, ஆனால் ஆமை வேகத்தில் வந்தது. சாவு நடந்தது 1958இல். பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியது 1968இல். அதற்கான விதிகள் வந்தது 1971இல். இடையிலே பதின்மூன்று சம்பா அறுவடையாகிவிட்டது.

அந்தச் சட்டத்தை நான் படித்துப் பார்த்திருக்கிறேன். சட்டப் புத்தகம் படிப்பது நாவலாசிரியனுக்கு நல்ல பழக்கம். மனிதர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அதில் தெரியும். 'மனிதர்களுக்கும் பிராணிகளுக்கும் ஏற்படக்கூடிய அபாயத்தைத் தடுக்கும் பொருட்டு' என்றுதான் சட்டம் ஆரம்பிக்கிறது. பரவாயில்லையே, பிராணிகளையும் நினைத்துப் பார்த்தார்களே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்து, பிராணி என்றால் எது என்று ஒரு விளக்கம் வருகிறது. மனிதனுக்கு உபயோகமான பிராணிகள். மீனும் கோழி முதலிய வளர்ப்புப் பறவைகளும் அதில் அடங்கும். காட்டு ஜீவன்களில் காப்பாற்றத் தக்கவை என்று மத்திய சர்க்கார் கருதி அறிவிக்கிற இனங்களும் சேரும்.

மாடு பிராணி. மீன் பிராணி. கோழி பிராணி. சிலந்தி? தவளை? வயல் நண்டு? நாரை? மனிதனுக்கு உபயோகம் உண்டா இல்லையா என்று யாராவது தீர்மானித்துச் சொல்கிற வரையில் அவை சட்டத்தின் வாசலில் நிற்க வேண்டியதுதான். சட்டம் எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. நூறு பேர் செத்த துக்கத்தில் எழுதிய சட்டம் அது. மாவு மூட்டைதான் அவர்கள் கண்முன் நின்றது. ஆனால் இந்த நஞ்சுக்கு உபயோகம், உபயோகமின்மை என்ற பாகுபாடு தெரியாது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் ஏன் தெரியாது என்பது விளங்கும்.

ஏரிப் பாசனம் உள்ள ஊரில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவார், போதுமென்றால் அடைப்பார். உடம்பில் ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்கோ தசைக்கோ சேதி போவதும் ஏறக்குறைய இப்படித்தான். அசிட்டில்கோலின் என்ற சரக்கு மடை திறந்த மாதிரி வெளிப்பட்டுச் சேதியைச் சொல்கிறது. சொன்னதும் அதை உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி காத்திருக்கிறது. அதுதான் நீர்க்கட்டி. பாராதியான் குடும்பத்து மருந்துகள் இந்த நீர்க்கட்டியின் கையைக் கட்டிப் போட்டுவிடுகின்றன. மடை திறந்தது திறந்தபடி. வாயில் நீர் ஊற்றுகிறது, கண்ணில் நீர் வழிகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கண்மணி கடுகளவாகச் சுருங்குகிறது, சதை துடிக்கிறது, கடைசியில் மூச்சு நிற்கிறது. மருந்தடித்த புல்லை மேய்ந்த மாட்டுக்கும் இதேதான் நேர்கிறது. மனிதனுக்கானாலும் மாட்டுக்கானாலும் வைத்தியர் முதலில் எடுப்பது அட்ரோபின் ஊசி. அட்ரோபின் நம் ஊமத்தையின் ஒன்றுவிட்ட உறவான செடியிலிருந்து கிடைத்த பொருள். இந்த மருந்துகளுக்கு முன்னால் பூச்சிக்குத் தெளித்து வந்த நிகோடினோ புகையிலைச் சரக்கு. ஊமத்தை, புகையிலை, கத்தரி எல்லாம் ஒரே குடும்பம் என்று தாவர நூல் சொல்கிறது. நஞ்சும் மாற்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

புழுவுக்கும் பூச்சிக்கும் மீனுக்கும் இறாலுக்கும் நாரைக்கும் நமக்கும் இந்த நீர்க்கட்டி பொது. வித்தியாசமெல்லாம், உள்ளே வந்த நஞ்சை யார் எவ்வளவு சீக்கிரம் உடைத்து வெளியேற்றுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. மாலத்தியான் என்ற மருந்தை நம் கல்லீரல் சுலபமாக உடைத்துவிடும்; பூச்சியால் முடியாது. பறவைகளின் ரத்தத்தில் இந்த ரக நஞ்சை உடைக்கும் சக்தி மிகக் குறைவு. எலிக்குக் கொஞ்சம் மயக்கம் தருகிற அளவு குருவியைக் கொன்றுவிடும்.

இப்போது டப்பாவைக் கையிலெடுத்துப் பாருங்கள். விதிப்படி அதன் மேல் ஒரு சாய்சதுரம் போட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் அதிபயங்கரம், மஞ்சளானால் பயங்கரம், நீலம் நடுத்தரம், பச்சை லேசு. எழுத்துத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிறத்தைத் தீர்மானிக்கிறவர் யார்? சோதனைச் சாலையில் கொடுத்த மருந்தைத் தின்று சாகிற எலி. எத்தனை மில்லிகிராமில் பாதி எலிகள் சாகின்றன என்ற கணக்குத்தான் நிறம். நீலம் போட்ட மாலத்தியான் தேனீயை உடனே கொல்லும், இறாலையும் விடாது. எலி தப்பித்தால் நிறம் சாந்தமாகிவிடுகிறது.

இறால் என்று சொன்னேன். பொன்னேரியை எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் மார்க்கத்தில் ரயிலில் போகிறவர்கள் மீஞ்சூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல்வயலைப் பார்க்கலாம். அன்று செங்கற்பட்டு ஜில்லா, இன்று திருவள்ளூர் மாவட்டம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் விளைகிற சீமை. ஊரை ஒட்டி ஆரணியாறு போகிறது. ஆந்திரத்து மலையில் பிறந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக வந்து, பொன்னேரியைக் கடந்து, பழவேற்காட்டு ஏரியில் சேர்கிறது. சேர்கிற இடம் கடலல்ல, ஏரி, இது முக்கியம். இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி அது. கடலானால் எதையும் வாங்கிக் கரைத்துவிடும் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். பழவேற்காடு ஆழமில்லாத நீர். முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டால் வந்த தண்ணீர் வந்த இடத்திலேயே தங்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது சம்பாப் பயிர் வயலில் நிற்கும். பூச்சி விழுவதும், மருந்தடிப்பதும், மறுநாளே மழை பிடித்துக்கொண்டு வயலிலிருந்து வடிகாலுக்கும் வடிகாலிலிருந்து ஆற்றுக்கும் தண்ணீர் பாய்வதும் அந்த நாட்களில்தான். அதே நாட்களில் பழவேற்காட்டில் 'பாடு' என்ற முறைப்படி மீனவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட துறைகளில் இறாலுக்கு வலை கட்டியிருப்பார்கள். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்த ஊரில், எந்தக் கவர்னரும் போட்டுக் கொடுக்காத, தாங்களே வகுத்துக்கொண்ட ஒழுங்கு அது. வலையில் விழுகிற இறால் யார்? உயிர்நூல்காரர்களைக் கேட்டால், கணுக்காலிகள் என்ற பெரிய குலத்தில் பூச்சிக்குப் பங்காளி என்பார்கள். பூச்சியைக் கொல்வதற்கென்றே தயாரித்த சரக்குக்குப் பங்காளியை அடையாளம் தெரியாமல் போகுமா? மீன் தாங்குகிற அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இறாலைக் கொல்வதுண்டு. செத்த இறால் குஞ்சு மிதந்து வந்து புகார் எழுதி வைப்பதில்லை. அந்த வருஷம் 'பாடு' குறைவு என்பதோடு கதை முடிந்துவிடும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வந்த பிறகு, ஆற்றில் மீன் செத்தால் எல்லோரும் புகைபோக்கியைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆலைக் கழிவு லேசான விஷயமல்ல. ஆனால் ஆலைக்குக் குழாய் உண்டு, குழாய்க்கு வாய் உண்டு, வாயருகே நின்று பாட்டிலில் தண்ணீர் பிடிக்கலாம். ஆயிரம் வரப்புகளிலிருந்து கசிகிற நீருக்கு எந்த வாயில் பாட்டிலைப் பிடிப்பது? இந்த மருந்துகள் பழைய டி.டி.டி. மாதிரி வருஷக்கணக்கில் மண்ணில் கிடப்பவையும் அல்ல. வெயிலிலும் நீரிலும் சில நாளிலோ சில வாரத்திலோ பெரும்பாலும் உடைந்துவிடும். அமெரிக்காவில் 1972இல் டி.டி.டி.யைத் தடுத்தபோது இவற்றுக்கு மவுசு ஏறியதற்கு அந்த நல்ல குணமே காரணம். டி.டி.டி. நின்று கொல்லும், இது அன்றே கொன்று தடயத்தை அழித்துவிடும்.

வயலை நம்பிப் பிழைக்கிறவர்கள் வயலுக்குச் சொந்தக்காரர்கள் மட்டுமல்லர். அறுவடையானதும் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்து தாளடியில் மேய விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரப்பு வளையில் நண்டும் எலியும், வாய்க்காலில் கெண்டையும் பிடித்து உலையில் போடுகிற இருளர்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு வயல் நண்டு உபயோகமுள்ள பிராணிதான். சட்டம் எழுதும்போது அவர்களைக் கூப்பிட்டு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உபயோகமில்லாத ஜீவனுக்கு உதாரணம் வேண்டுமென்றால் சிலந்தியைத்தான் சொல்ல வேண்டும். அதன் கதை சுவாரஸ்யமானது. 1966இல் ஐ.ஆர். 8 வந்தது. குட்டை நெல், கொத்துக் கொத்தான தூர், யூரியாவுக்கு நன்றி காட்டுகிற பயிர். கூடவே புகையானும் வந்தது. தூரடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிற சிறு தத்துப்பூச்சி; அது விழுந்த இடம் தீய்ந்து வட்டமாகப் புகைந்தாற்போல் ஆகிவிடும் என்பதால் அந்தப் பெயர். மருந்தடித்தார்கள். குறையவில்லை. மேலும் அடித்தார்கள். மேலும் பெருகியது. ஆசியா முழுவதும் இதே கதை. மருந்து வயலிலிருந்த சிலந்திகளையும், புகையான் முட்டையைக் குத்திக் குடிக்கிற நாவாய்ப் பூச்சிகளையும் அடியோடு துடைத்துவிட்டது. தண்டுக்குள் செருகி வைத்த புகையான் முட்டையோ பத்திரமாக இருந்தது. காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த கதை. இந்தோனேசியாவில் சுகார்த்தோ சர்க்கார் 1986இல் நெல்லுக்கு அடித்து வந்த 57 பூச்சி மருந்துகளை ஒரே உத்தரவில் நிறுத்தியது. விளைச்சல் விழுந்துவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். விழவில்லை. அவர் அரசியலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது; ஆனால் அந்த ஒரு கையெழுத்தில் சிலந்திக்கு இடம் இருந்தது.

பறவைகள் விஷயம் வேறு. அவை கண்ணுக்குத் தெரிந்து சாகின்றன. 1995-96 கோடையில் அர்ஜென்டினாவின் பாம்பா வெளிகளில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் தெளித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து அங்கே வலசை வந்திருந்த ஸ்வைன்ஸன் பருந்துகள் அந்த வெட்டுக்கிளிகளைத் தின்று மரத்தடியில் குவியல் குவியலாக விழுந்து கிடந்தன. சுமார் 20,000 என்று மதிப்பிட்டார்கள். உலகமே கூக்குரலிட்டது, மருந்துக் கம்பெனி அங்கே சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டு கடைசியில் நம் பரத்பூரில் சாரஸ் கொக்குகள் விதைத்த கோதுமை மணியைத் தின்று இறந்தன. வயிற்றில் இருந்ததும் அதே மோனோகுரோட்டோபாஸ். இங்கே கூக்குரல் அவ்வளவு கேட்கவில்லை. பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போகிற சென்னைவாசிகள், அந்தச் சிவந்த கால்கள் நிற்கிற நீர் எந்தெந்த வயலைக் கழுவிவிட்டு வந்தது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம். படம் பிடிப்பதற்கு அது இடைஞ்சலாக இராது.

கொக்கு செத்து பதின்மூன்று வருஷம் கழித்துக் குழந்தைகள் செத்தார்கள். 2013 ஜூலை 16ஆம் தேதி, பீகாரில் சாப்ரா பக்கம் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்து மதிய உணவு. சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. 23 பிள்ளைகள். 1958இல் கமிஷன் வைத்து விசாரித்த அதே தப்பு: உணவும் நஞ்சும் ஒன்றாக. இந்த மருந்தைக் கைவிடுவது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009லேயே இந்தியாவுக்காக ஓர் அறிக்கை எழுதி வைத்திருந்தது. பக்கத்து இலங்கை 1995லேயே அதை நிறுத்திவிட்டது. அங்கே அந்த வருஷம் லட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலைக் கணக்கு பத்து வருஷத்தில் ஏறக்குறைய பாதியாகியது. வயலில் நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது. ஆத்திரத்தில் கை நீளும்போது அலமாரியில் கொடியது இல்லாமலிருந்தால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான், மறுநாள் வருத்தப்படுகிறான். வாழ்ந்தும் விடுகிறான்.

இந்தியாவில் பாராதியானின் தம்பியான மெதில் பாராதியான் 2018 வரை இருந்தது. மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதத் திரவத்துக்கு 2023 செப்டம்பரில்தான் தடை வந்தது. அதிலும் ஒரு சலுகை: கையிருப்பைக் காலாவதித் தேதி வரையில் விற்றுக்கொள்ளலாம். நஞ்சுக்குக் காலாவதி என்று ஒன்று இருப்பதும், அதுவரை அது செல்லுபடியாகும் என்பதும் என் சிற்றறிவுக்கு எட்டாத சங்கதிகள்.

அந்தக் குடும்பத்தில் இன்னும் பலர் உண்டு. குளோர்பைரிபாஸ் அவர்களில் பிரபலம். நெல்லுக்கு அடிப்பதும் அதுதான், வீடு கட்டும்போது கரையானுக்கு அஸ்திவாரத்தில் ஊற்றுவதும் அதுதான். ஆகவே வயலே இல்லாத வாசகர்களும் அதோடு ஓரளவு சம்பந்திகளே. 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுகள் கூடி, சில விலக்குகளோடு, உலகத்தைவிட்டு நீக்க வேண்டிய பட்டியலில் அதைச் சேர்த்திருக்கின்றன. அதன் டப்பாவில் சாய்சதுரம் மஞ்சள். எலி அப்படிச் சொல்லியிருக்கிறது. பழவேற்காட்டு இறாலை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.